களை விதைக்கும் ஊரில்

"அங்க ஆள் வச்சுக் களை விதைக்கிறாங்களாம்மா. ஏன்னு பார்த்துட்டு வாங்க" என்றார் எங்கள் விதைக் கூட்டுறவின் செயலாளர். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் கத்தரி, தக்காளி விதை எடுக்கும் பண்ணை ஒன்றைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பருவமாகக் கத்தரியில் பூ நிற்கவில்லை. உரத்தை மாற்றினோம், மருந்தை மாற்றினோம், பூ உதிர்ந்துகொண்டேயிருந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு சிறிய பண்ணை என்னைப் பதினான்கு நாள் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. அங்கே விளைவது காட்டுப் பூக்களின் விதை. வண்டும் தேனீயும் வந்து தங்கட்டும் என்று விவசாயிகள் அதை வாங்கி வயலோரத்தில் விதைக்கிறார்கள். பதினாறு வருடமாக "களை எடு, களை எடு" என்று கத்தியவளுக்கு இப்படி ஒரு பயணம்.

சூரிச்சில் முதல் டிராம் என்னை ஏற்றாமலே போனது. கதவு திறக்கும் என்று அதன் முன்னால் பெட்டியோடு நின்றேன். கதவு திறக்கவில்லை, டிராம் கிளம்பிவிட்டது. இரண்டாவது டிராமும் அப்படியே. மூன்றாவது வந்தபோது ஓர் அம்மாள் என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவிலிருந்த பொத்தானை அழுத்தினார். நம் ஊர் பஸ்ஸில் கதவே கிடையாது, ஓடி ஏறத் தெரிந்தால் போதும். இங்கே நின்று அழுத்தத் தெரிய வேண்டும்.

எனக்குத் துணையாக யோகேஸ்வரி என்பவர் லாங்ஸ்ட்ராஸ தெருப் பக்கத்திலுள்ள தமிழ்க் கடையில் காத்திருப்பார் என்று எழுதியிருந்தார்கள். கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டு, உள்ளே ஒரு சுவர் முழுக்க வீடியோ கேசட்டுகள். நான் பெயரைச் சொன்னதும் கடைக்காரர், "ஓம், இருங்கோ, மா எடுக்க உள்ளுக்குப் போயிருக்கிறா. தேத்தண்ணி குடிப்பீங்களோ?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஐந்து கிலோ அரிசிமா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர்தான் யோகேஸ்வரி. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான நடை.

"அக்கா, உங்களுக்கு இவையின்ரை டொச் பாசை தெரியாது, பண்ணைக்கார மார்க்ரித்துக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவிலை நான் நிக்கிறன். பிழையாச் சொன்னால் குறை நினைக்காதேங்கோ" என்றார் முதல் பேச்சிலேயே.

சாவகச்சேரிக்காரர். பண்ணைக்குப் பக்கத்து ஊரான லாங்கன்தாலில் வீடு. கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. இவர் காலையில் பக்கத்துக் கிராமத்து முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை பார்க்கிறார். வாரத்தில் மூன்று பிற்பகல் மார்க்ரித்தின் பண்ணையில் விதை சுத்தம் செய்கிறார். ரயிலில் போகும்போதே இதெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். நான் "பேசறது" என்றால் அவர் "கதைக்கிறது" என்றார். நான் "சீக்கிரம்" என்றால் அவர் "கெதியா" என்றார். லாங்கன்தால் வருவதற்குள் ஒருவர் தமிழை மற்றவர் பாதி வாங்கிக்கொண்டிருந்தோம்.

மார்க்ரித்துக்கு அறுபது வயதிருக்கும். ஆண்கள் போடும் முரட்டுக் கால்சட்டை, மண் ஒட்டிய கை. "க்ரூயெசெக்" என்று வணக்கம் சொல்லிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். "வடிவாச் சாப்பிடுங்கோ, பிறகு படுங்கோ, வயல் நாளைக்கும் அங்கைதான் நிக்கும் எண்டு சொல்லுறா" என்றார் யோகேஸ்வரி. அன்றிலிருந்து பதினான்கு நாளும் மார்க்ரித் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசினார். இப்போது அவரை நினைத்தாலும் அந்தத் தமிழில்தான் காதில் கேட்கிறது.

இரண்டாம் நாள் காலை உணவு: ஓட்ஸில் தயிர் விட்டு, அதில் பச்சை ஆப்பிளைத் துருவிப் போட்டுக் குளிரக் குளிர ஒரு கிண்ணம். பழையசோறு மாதிரி நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன், இறங்கியது. மதியம் உருளைக்கிழங்கைத் துருவி அடைபோலச் சுட்டுத் தந்தார்கள். கைப்பையில் வைத்திருந்த இட்லிப் பொடியை அதில் தூவினேன். மார்க்ரித் ஒரு விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, எழுந்து போய் ஒரு பெரிய தம்ளர் பால் குடித்தார்.

வயலைப் பார்த்தேன். கோதுமை அறுத்த நிலத்துக்கு நடுவே ஆறு ஏழு மீட்டர் அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை. நீலம், மஞ்சள், சிவப்பு, ஊதா. முழங்காலிலிருந்து இடுப்புவரை கலைந்து கிடந்தது. நம் ஊரில் இப்படி ஒரு துண்டு நிலம் இருந்தால் "யாரோ பாகப்பிரிவினை வழக்குல இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இவர்களோ நிலத்தை உழுது, பாத்தி கட்டி, எடை போட்டு இதை விதைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் மார்க்ரித் என்னை வீட்டுத் தோட்டத்துத் தக்காளிச் செடிகளுக்கிடையே உட்காரவைத்தார். "கொஞ்சம் பேசாமல் இருங்கோ, வருவா எண்டு சொல்லுறா." யார் வருவது என்று நான் கேட்பதற்குள் வந்துவிட்டாள். கம்பளி போர்த்தியதுபோல் உடம்பெல்லாம் முடி, மஞ்சள் பட்டை, பின்பக்கம் வெள்ளை. பருத்த வண்டு. இவர்கள் மொழியில் ஹும்மல். நம் சமவெளியில் இது கிடையாது. அதனால் வண்டு என்றே எழுதுகிறேன். அது தக்காளிப் பூவைத் தலைகீழாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு சட்டென்று ஒரு சத்தம் எழுப்பியது. ரீங்காரம் இல்லை. கூர்மையான, சிறிய "ங்ஙீ". மகரந்தம் அதன் வயிற்றில் மாவாகக் கொட்டியது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் கத்தரி வயலில் பெரிய கருவண்டு இதே சத்தம் போடும். கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனியில் மட்டும்தான் துளை இருக்கும். பிடித்து அதிர வைத்தால்தான் தூள் விழும். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

"உங்கட வயலுக்குப் பக்கத்திலை அந்தக் கருவண்டுக்கு வேற என்ன பூ இருக்குது எண்டு கேக்கிறா" என்றார் யோகேஸ்வரி.

ஆவாரை இருந்தது. வரப்பு நெடுக மஞ்சளாக இருந்தது. விதைப் பண்ணை சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஆள் விட்டு வேரோடு வெட்டவைத்தேன். பட்டுப்போன பூவரசு ஒன்றும் நின்றது, கருவண்டு துளை போட்டுக் குடியிருக்கும் மரம். அதையும் விறகுக்குக் கொடுத்துவிட்டோம். இதை நான் சொல்ல, யோகேஸ்வரி மொழிபெயர்க்க, மார்க்ரித் தலையை மட்டும் ஆட்டினார். யாராவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த நாட்கள் கொட்டிலில் விதை சுத்தம் செய்வதில் போயின. சல்லடை, விசிறி, மறுபடி சல்லடை. இது எனக்குக் கைவந்த வேலை. விதை முற்றியிருக்கிறதா என்று பார்க்க நான் நகத்தால் கீறிக் காட்டினேன், உள்ளே வெள்ளையாக நிறைந்திருந்தால் நல்ல விதை. மார்க்ரித் பல்லால் கடித்துப் பார்க்கிறவர். இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது. அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு: விதை இந்த வட்டாரத்துச் செடியிலிருந்தே வர வேண்டும். வெளியிலிருந்து வாங்கினால் பூக்கும், ஆனால் இங்குள்ள பனிக்கும் இங்குள்ள வண்டு விழித்தெழும் காலத்துக்கும் பொருந்தாது என்றார். அதனால் ஒவ்வொரு செடிக்கும் முதல் கைப்பிடி விதையை எங்காவது வேலியோரத்தில், ரயில் பாதைச் சரிவில் தேடித்தான் எடுக்க வேண்டும். அவர் பல காலமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஊதாப் பூச் செடி இருந்தது. முட்செடிக்கு உறவு, ஆனால் முள் கிடையாது. நீளநாக்கு வண்டுகளுக்கு ரொம்பப் பிடித்தது. அதைக் கண்டுபிடித்தவர் யோகேஸ்வரி.

"நாலு வருஷமா அந்த றோட்டாலைதான் வேலைக்கு நடக்கிறன், அக்கா. ஒரு சரிவிலை மட்டும் நிக்குது. முதல் வருஷம் சரிவு முழுக்க நிண்டது. ஒவ்வொரு முறையும் விதை முத்த முதல் வெட்டிப்போடுவினம். இப்ப ஒரு பாய் விரிக்கிற அளவுதான்."

இன்னும் பத்து நாளில் விதை முற்றும், சேர்ந்து போய் எடுக்கலாம் என்று திட்டம். எட்டாம் நாள் மாலை யோகேஸ்வரி மூச்சு வாங்கப் பண்ணைக்கு வந்தார். ஊராட்சியின் புல்வெட்டும் வண்டி கீழ்ச் சாலையை முடித்துவிட்டது. நாளைக் காலை அந்தச் சரிவுக்கு வந்துவிடும். மார்க்ரித்தால் வர முடியாது. பூவிதை அறுக்கும் இயந்திரம் மறுநாள் ஒரு நாளைக்குத்தான் அவருக்குக் கிடைத்திருந்தது, அதற்கடுத்த நாள் மழை. "நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ, வண்டிக்காரனோடை கதையுங்கோ" என்றார்.

இதை மொழிபெயர்த்துவிட்டு யோகேஸ்வரி சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மார்க்ரித் உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மிட்டைப் புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. ஒவ்வொரு வருஷமும் குடுக்கிறது. இன்னும் பதில் வரேல்லை. ஊராட்சி ஆளோடை றோட்டிலை நிண்டு வாய்காட்டினன் எண்டு யாரும் எழுதிப்போட்டால்? நான் இந்த நாட்டிலை ஒருத்தரோடையும் இதுவரைக்கும் எதிர்த்துக் கதைச்சதில்லை."

"நான் பேசறேன்" என்றேன்.

"எந்தப் பாசையிலை?" என்றார். இருவரும் சிரித்தோம். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

மறுநாள் புதன், அவருக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கு நான் தனியாகப் போக வழி எழுதிய தாளோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். யோகேஸ்வரி இரண்டு கத்தரிக்கோல், ஒரு கட்டு சணல், நாலு கோதுமைச் சாக்கோடு அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் ஒரு டப்பாவில் இருந்தன. "சாப்பிடாமல் சண்டைக்குப் போகக்கூடாது" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி. வண்டி சரிவின் ஒரு முனையில் ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் நீண்ட இரும்புக் கை, அதன் நுனியில் வெட்டும் பெட்டி. ஊதாப் பூக்கள் நின்ற இடத்துக்கும் அதற்கும் நாற்பது அடி இருக்கும். யோகேஸ்வரி சாக்கை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றார். கையெல்லாம் ஆட்டவில்லை. சும்மா நின்றார்.

இயந்திரம் நின்றது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். நல்ல உயரம், நரைத்த மீசை. பேசியது என்ன என்று யோகேஸ்வரி எனக்குப் பிறகு சொன்னார். ஆனால் அப்போது எனக்குக் கேட்டது அவர் குரல் மட்டும். முதலில் நடுங்கியது, பிறகு சீரானது.

"உங்களுக்கு யார் அனுமதி தந்தது?" என்று வண்டிக்காரர் கேட்டிருக்கிறார்.

"ஒருத்தரும் தரவில்லை. இந்தப் பூ இந்த ஊரில் இங்கே மட்டும்தான் மிச்சம். இன்றைக்கு வெட்டினால் விதை இல்லை."

"பல வருடமாக வெட்டுகிறேன். மறுபடி வருகிறது."

"வருகிறது. ஒவ்வொரு வருடமும் குறைந்து வருகிறது. நீங்கள் மேலே உட்கார்ந்து போகிறீர்கள். நான் தினமும் பக்கத்தில் நடந்து போகிறேன்."

வண்டிக்காரர் கீழே இறங்கினார். அவர் எங்களைத் தாண்டிப் போய், பூக்களின் முன்னால் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். பனியில் நனைந்த பூக்களின் மேல் வண்டுகள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. குளிரில் அவை பூவிலேயே தூங்கிவிடுமாம். ஒன்றை அவர் விரலால் தொட்டார். அது ஒரு காலை மெல்லத் தூக்கி, "போ" என்பதுபோல் காட்டியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லி, வண்டிக்குத் திரும்பி, இயந்திரத்தை அணைத்து, பையிலிருந்து ரொட்டியை எடுத்தார்.

"ஒன்பது மணிச் சாப்பாட்டுக்குப் போறாராம்" என்றார் யோகேஸ்வரி. "இப்ப எட்டே கால்."

இந்த நாட்டில் ஒருவர் ஒன்பது மணிச் சாப்பாட்டை எட்டே காலுக்குச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு ஒன்பது நாளில் விளங்கியிருந்தது. ஓடினோம்.

பூத்தலைகளை உடைத்துப் பார்த்தேன். ஒரு பகுதி முற்றியிருந்தது. பெரும்பகுதி இன்னும் பால் பிடித்த நிலை. யோகேஸ்வரியின் முகம் விழுந்துவிட்டது. "முத்தேல்லை, அக்கா. வந்தும் பயனில்லை."

"இருக்குங்க. தண்டோட வெட்டுங்க, நீளமா. நிழல்ல தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டா தண்டுல இருக்கிற சத்தை இழுத்துக்கிட்டு பாதியாவது முத்தும். எங்க ஊர்ல மழை வந்தா வெங்காய விதைக்கு அப்படித்தான் செய்வோம்." முழுவதையும் வெட்ட எனக்கு மனம் வரவில்லை. பூத்துக்கொண்டிருந்தவற்றை விட்டுவிட்டு, இதழ் வாடியவற்றை மட்டும் வெட்டினோம். வண்டு உட்கார்ந்திருந்த தலைகளை முடிந்தவரை ஒதுக்கினோம். நாலு சாக்கு நிறைந்தது.

அவர் ரொட்டியை முடித்து வந்து யோகேஸ்வரியிடம் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு ஏறினார். சாலையை ஒட்டிய பகுதி வாகனங்களுக்கு மறைக்கும், அதை வெட்டியே ஆக வேண்டும். மேல் பக்கத்துக்கு இன்றைக்கு இந்தக் கை எட்டாது என்றாராம். அந்த இரும்புக் கை எங்கள் பண்ணைக் கிணற்றையே தாண்டி எட்டும். நாங்கள் இருவரும் அதை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் வெட்டிவிட்டுப் போன கீழ்ப்பகுதியில் வெயில் ஏறியதும் ஒன்றைக் கவனித்தேன். ஏழெட்டு வண்டுகள் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் வட்டமிட்டன. எங்கோ அங்கே பழைய எலி வளையில் அவற்றின் கூடு. அடையாளத்துக்கு இருந்த புல்லெல்லாம் போய்விட்டதால் வாசல் தெரியவில்லை. வீட்டெண் மாற்றிய தெருவில் தபால்காரர் அலைவதுபோல் அலைந்தன. எத்தனை நேரம் என்று பார்க்க உட்கார்ந்துவிட்டோம். புட்டைச் சாப்பிட்டு முடித்து, ஒரு பஸ்ஸையும் விட்டோம். கடைசியில் ஒன்று சருகுக்கு அடியில் நுழைந்தது. பிறகு இன்னொன்று. "கண்டுபிடிச்சிட்டினம்" என்று யோகேஸ்வரி பெருமூச்சு விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் சூடு. ஒதுக்கியும் தப்பிவந்த தூங்குமூஞ்சி வண்டு ஒன்று சாக்கிலிருந்து எழுந்து பறந்தது. பின்னால் இன்னொன்று. முன் இருக்கைப் பெரியவர் தொப்பியைக் கழற்றி வீசினார். ஓர் அம்மாள் எழுந்து நின்றார். யோகேஸ்வரி, "கொட்டாது, அவை ஆம்பிளையள்" என்று பதற்றத்தில் தமிழிலேயே பஸ் முழுவதற்கும் அறிவித்தார். ஓட்டுநர் ஓரங்கட்டி எல்லாக் கதவையும் திறந்தார். ஓர் ஆள் செய்தித்தாளால் விசிற, அந்த அம்மாள் தன் கைக்குட்டையை விரித்துப் பிடிக்க, இரண்டும் வெளியே போயின. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அக்கா, இந்த நாட்டிலை பஸ்ஸை ரெண்டு நிமிசம் பிந்தப்பண்ணியாச்சு" என்றார் யோகேஸ்வரி. "இதுக்கு மேலை என்ன பயம்."

கட்டுகளைக் கொட்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டோம். மார்க்ரித் பகலெல்லாம் அறுத்த களைப்போடு வந்து, ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்தார். நான் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது முதல் கட்டுகளை உதிர்த்தோம். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. பல தலைகளில் உள்ளே புழு இருந்து விதையைத் தின்றிருந்தது. தண்ணீரில் போட்டதில் பாதி மிதந்தது. கடைசியில் தேறியது ஒரு காபிக் கிண்ணம்கூட நிறையவில்லை. விதைகள் இறகு ஒட்டிய சிறு பற்களைப்போல் சாம்பல் நிறத்தில் கிடந்தன. எனக்கு ஏமாற்றம். மார்க்ரித் ஒன்றை எடுத்துக் கடித்தார். "காணும், இவ்வளவு போதும் எண்டு சொல்லுறா."

கடைசி நாள் அந்த விதைக்காக வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி கிளறினோம். முதல் வருடம் தரையோடு இலை மட்டும் வரும். இரண்டாம் வருடம் பூ. மூன்றாம் வருட விதையைத்தான் வயலோரப் பட்டைகளில் விதைக்கக் கொடுக்கலாம். அதுவரை இந்தப் பாத்தியைக் களையெடுத்து, நத்தையிடமிருந்து காத்து, ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மார்க்ரித் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு ஏதோ கேட்டார்.

யோகேஸ்வரி வழக்கம்போல் என் பக்கம் திரும்பினார். "மூண்டு வருசத்துக்கு இந்தப் பாத்தியைப் பொறுப்பெடுக்க ஏலுமோ எண்டு கேக்கிறா."

"என்னையா கேக்கறாங்க? நான் நாளைக்குப் போயிடுவேனே" என்றேன்.

அவர் மார்க்ரித்தைத் திரும்பிப் பார்த்தார். "இல்லை, அக்கா" என்றார். "என்னைக் கேக்கிறா."

பெர்மிட் கடிதம் இன்னும் வந்திருக்கவில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். யோகேஸ்வரி பாத்தியின் விளிம்பில் குந்தி, மண்ணைக் கையில் அள்ளி நசுக்கிப் பார்த்தார். பிறகு நிமிராமலே மார்க்ரித்திடம் மூன்று நான்கு சொல் சொன்னார். மார்க்ரித் கையை நீட்டி வீட்டு மூலையைக் காட்டினார்.

"என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணிக் குழாய் எந்தப் பக்கத்தாலை வருது எண்டு கேட்டனான்" என்றார் யோகேஸ்வரி.